கணக்குத் தாள் ஓரம் வெட்டுப்படாமல் பிரிண்ட் எடுக்க: எக்செல் மார்ஜின் வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளிலும் பாரிமுனை ஆபீஸ்களிலும் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்திருக்கிறது, எக்செலில் ஃபார்முலா போடத் தெரிந்திருக்கிறது. அதே கணக்கைப் பேப்பரில் ஒழுங்காக எடுப்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. வங்கிக்கு மாதாமாதம் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஆடிட்டர் கேட்கும் பாக்கிப் பட்டியல், அசோசியேஷனின் வரவு செலவு எல்லாவற்றிலும் ஒரே தொல்லைதான். கடைசிப் பத்தி (நெடுவரிசை) தனித்தாளில் போய் விழும். பஞ்ச் போட்டால் தொகையின் மேலேயே ஓட்டை விழும். ஜெராக்ஸ் கடைக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்து கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் மார்ஜினை, அதாவது தாளின் ஓரங்களில் விடும் வெற்றிடத்தைத் தொட்டு, பிறகு பேப்பர் அளவை மாற்றினால் செய்த வேலை அத்தனையும் கலைந்துவிடும்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

பேப்பரை வாங்கிக்கொள்ளப் போகிறவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். என்ன அளவு பேப்பர்? ஃபைலில் எப்படிக் கோப்பார்கள்: இடது ஓரம் இரண்டு ஓட்டை பஞ்சா, மூலையில் டேக்கா, ஸ்பைரலா? ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? ஒவ்வொரு தாளிலும் சீலும் கையெழுத்தும் வேண்டுமா, கடைசித் தாளில் மட்டும் போதுமா?

இந்த நான்கு பதிலும்தான் உங்கள் மார்ஜினைத் தீர்மானிக்கும். எக்செல் தானாகக் கொடுக்கும் எண்ணுக்கு நம் ஊர் ஃபைலைப் பற்றி எதுவும் தெரியாது.

2. பேப்பர் அளவை முதலில் சரிபாருங்கள்

எக்செலின் மேல் வரிசையில் பேஜ் லேஅவுட்டைத் தொட்டால் சைஸ் என்று இருக்கும். அதில் ஏ4 என்று தேர்ந்தெடுங்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாத இடம் இது. வெளிநாட்டிலிருந்து வந்த ஃபைல், இணையத்தில் இறக்கிய மாதிரிப் படிவம் இவற்றில் பெரும்பாலும் லெட்டர் என்ற அளவு இருக்கும். லெட்டர் 21.6 சென்டிமீட்டர் அகலம், 27.9 நீளம். ஏ4 21 அகலம், 29.7 நீளம். அகல வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான், ஆனால் கடைசிப் பத்தியின் பைசா இலக்கத்தை விழுங்க அது போதும். சில பிரிண்டர்கள் லெட்டர் பேப்பர் வை என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள்.

லீகல் பேப்பரில் கேட்டால் இன்னொரு கவனம் வேண்டும். எக்செலில் லீகல் என்பது 35.6 சென்டிமீட்டர் நீளம். கடையில் லீகல் என்று எடுத்துக் கொடுக்கும் பேப்பர் பல சமயம் எஃப்.எஸ். (ஃபுல்ஸ்கேப்) என்ற அளவாக இருக்கும், அது 34.5 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும். ஆண்டர்சன் தெருவில் ரீம் வாங்கும்போது கவரில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துப் பாருங்கள். இருக்கும் பேப்பரை ஸ்கேல் வைத்து அளந்துவிடுவது இன்னும் நல்லது. எஃப்.எஸ். என்றால், உங்கள் பிரிண்டரில் அந்த அளவு இல்லாத பட்சத்தில், லீகலையே வைத்துக் கீழ் மார்ஜினை 3 சென்டிமீட்டராக ஏற்றிவிடுங்கள்.

3. எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

எக்செலில் நார்மல் என்று இருக்கும் மார்ஜின் மேலும் கீழும் 1.91 சென்டிமீட்டர், இடமும் வலமும் 1.78. ஏ4 நெட்டாக வைத்தால் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 17.44 சென்டிமீட்டர். குறுக்காகத் திருப்பினால் 26.14. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஐந்தாறு பத்தி என்றால் நெட்டாகவே வையுங்கள், படிக்கிறவருக்கு அதுதான் வசதி. பொருள் பெயர், அளவு, விலை, தொகை, ஜிஎஸ்டி, மொத்தம் என்று எட்டு பத்துப் பத்தி நீண்டால் யோசிக்காமல் குறுக்காக்குங்கள். ஓரியன்டேஷனில் போர்ட்ரெய்ட் நெட்டு, லேண்ட்ஸ்கேப் குறுக்கு.

உங்கள் எக்செல் அங்குலத்தில் காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ரீஜியன் அமைப்பில் அளவு முறை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் காட்டும். 0.75 அங்குலம்தான் 1.91 சென்டிமீட்டர். அங்குலக் கட்டத்தில் சென்டிமீட்டர் என்று நினைத்து 2 என்று அடித்துவிட்டால் பக்கத்தில் பாதி காலியாகிவிடும்.

4. எந்த இடம் வரை பிரிண்ட் என்று சொல்லிவிடுங்கள்

கணக்கு மூன்று பக்கம்தான், பிரிண்டரோ பதினோரு பக்கம் துப்புகிறது, பாதி வெள்ளைத் தாள் என்றால், எங்கோ தூரத்தில் ஒரு கட்டத்தில் நீங்கள் போட்ட பார்டரோ ஸ்பேஸோ கிடக்கிறது. கண்ட்ரோலும் எண்ட் பொத்தானும் சேர்த்து அழுத்தினால் எக்செல் கடைசியாகப் பயன்பட்டது என்று நினைக்கும் கட்டத்துக்குப் போகும். அதைத் தேடி அழிப்பதைவிடச் சுலபமான வழி, கணக்கு இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து பேஜ் லேஅவுட், பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா கொடுப்பது.

இதிலும் ஒரு குழி உண்டு. அடுத்த மாதம் கடைசி வரிசைக்குக் கீழே புதிய வரிசைகளை எழுதினால் அவை பிரிண்ட் ஏரியாவுக்கு வெளியே நிற்கும். திரையில் இருக்கும், பேப்பரில் வராது. மொத்தத் தொகை ஒன்று, மேலே உள்ள வரிசைகளின் கூட்டல் வேறு என்று வங்கியில் கேள்வி வரும். வரிசையை எப்போதும் மொத்தத்துக்கு மேலே, நடுவில் இன்சர்ட் செய்து சேருங்கள். அப்போது ஏரியாவும் சேர்ந்தே விரியும்.

திரையில் தெரியும் சாம்பல் கோடுகள் பேப்பரில் தானாக வராது. பேஜ் லேஅவுட்டில் கிரிட்லைன்ஸ் என்பதன் கீழே பிரிண்ட் என்ற சின்னக் கட்டத்தில் டிக் போடுங்கள், அல்லது பார்டர் போட்டுவிடுங்கள்.

5. இப்போது மார்ஜின்

பேஜ் லேஅவுட், மார்ஜின்ஸ், அதில் கடைசியாக இருக்கும் கஸ்டம் மார்ஜின்ஸ். கீபோர்டில் ஆல்ட் அழுத்திவிட்டு பி, எஸ், பி என்று ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினாலும் பேஜ் செட்டப் திறக்கும். மேலே வரிசையாக இருப்பவற்றில் மார்ஜின்ஸுக்குப் போங்கள். ஆறு எண்கள் இருக்கும்: மேல், கீழ், இடம், வலம், ஹெடர் (ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரும் வரி), ஃபுட்டர் (அடியில் வரும் வரி).

இரண்டு ஓட்டை பஞ்ச் மெஷினில் ஓட்டையின் நடு, தாள் ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டர். ஓட்டையின் விட்டம் 6 மில்லிமீட்டர். ஆக ஓட்டை முடியும் இடம் 15 மில்லிமீட்டர். அதனால் பஞ்ச் போடும் தாளுக்கு இடது மார்ஜின் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 2.5 வைத்தால் ஃபைலைப் பிரித்துப் படிக்கும்போது முதல் பத்தி மடிப்புக்குள் ஒளியாது. ஸ்பைரலுக்கும் அதே 2.5. மூலையில் டேக் கோப்பதானால் மேலும் இடமும் 2 இருக்கட்டும்.

வலது ஓரத்தை எவ்வளவு குறைக்கலாம்? நேரோ என்று ஒரு தயார் அமைப்பு இருக்கிறது, இடமும் வலமும் 0.64 சென்டிமீட்டர். இடம் கிடைக்கிறதே என்று புதியவர்கள் உடனே அதைத்தான் எடுப்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாதாரண லேசர் பிரிண்டர் தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வரை மை போடாது. முதல் பிரிண்ட் எப்படியோ தப்பிவிடும். அதை ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த மெஷினும் ஓரத்தில் கொஞ்சம் விடும், தாளும் ஒரு இரண்டு மில்லிமீட்டர் நகரும். இரண்டாவது காப்பியில் கடைசி இலக்கம் காணாமல் போகும். 1,45,000 என்பது 1,45,00 என்று நிற்பதைவிட மோசமான பிழை கணக்கில் இல்லை. எந்த ஓரமும் 1 சென்டிமீட்டருக்குக் கீழே போகவே வேண்டாம்.

நெட்டுத் தாளில் எழுதிய கணக்குக்கு நான் வைக்கும் எண்கள்: இடம் 2.5, வலம் 1, மேல் 2, கீழ் 2, ஹெடர் 0.8, ஃபுட்டர் 0.8. ஒவ்வொரு தாளிலும் சீல் வேண்டுமென்றால் கீழ் மட்டும் 4.

குறுக்குத் தாளுக்கு இது பொருந்தாது. பலர் அடிவாங்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள். குறுக்காக அச்சான தாளை நெட்டு ஃபைலில் கோக்கும்போது தாளைத் திருப்புவார்கள். அப்போது கணக்கின் மேல் பக்கம்தான் ஃபைலின் முதுகுக்குப் போகும், ஓட்டையும் அங்கேதான் விழும். எனவே குறுக்குத் தாளுக்கு மேல் மார்ஜின்தான் பெரிதாக இருக்க வேண்டும்: மேல் 3, இடம் 1, வலம் 1, கீழ் 1.5. ஹெடரில் கடைப் பெயர் போட்டிருந்தால் ஹெடர் எண்ணையும் 1.8 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பெயரின் மேல் ஓட்டை விழும்.

இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்தால் பின்பக்கத்தில் பஞ்ச் விழுவது வலது ஓரத்தில். வேர்டில் இருப்பதுபோல மார்ஜினைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிப் போடும் வசதி எக்செலில் கிடையாது. இடம், வலம் இரண்டையும் 2 என்று சமமாக வைப்பதுதான் வழி.

அதே இடத்தில் கீழே ஹாரிசான்டலி என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். அட்டவணை சின்னதாக இருந்தால் அதைப் போடுங்கள், கணக்கு இரு மார்ஜின்களுக்கும் நடுவில் உட்காரும். வெர்டிகலியை விட்டுவிடுங்கள், கடைசிப் பக்கத்தில் நான்கே வரிசை நட்டநடுவில் மிதக்கும்.

6. அகலத்தை அடக்குங்கள், உயரத்தை விட்டுவிடுங்கள்

பேஜ் லேஅவுட்டில் ஸ்கேல் டு ஃபிட் என்ற பகுதியில் விட்த் என்பதில் 1 பேஜ், ஹைட் என்பதில் ஆட்டோமேட்டிக். கணக்குத் தாளுக்கு இதுதான் சரி. பிரிண்ட் பக்கத்தில் இருக்கும் ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜைத் தொட்டால் இருநூறு வரிசையையும் ஒரே தாளில் திணித்துவிடும், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அடக்கிய பிறகு ஸ்கேல் என்ற இடத்தில் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். 11 புள்ளி (பாயிண்ட் என்ற எழுத்தளவு) எழுத்து 70 சதவீதத்தில் 7.7 புள்ளியாகிவிடும். ஆங்கிலம் அதில் படிக்க வரும். தமிழில் சுழியும் புள்ளியும் ஒட்டிக்கொண்டு ன எது, ண எது என்று தெரியாது. பெயர்கள் தமிழில் இருந்தால் 80க்குக் கீழே இறக்காதீர்கள். அதற்கும் கீழே போனால் தேவையில்லாத பத்தியை மறைத்துவிட்டு எடுங்கள், அல்லது பெயர்ப் பத்தியில் ராப் டெக்ஸ்ட் (நீண்ட பெயரை அடுத்த வரிக்கு மடக்கும் வசதி) கொடுத்து ஒடுக்குங்கள். மார்ஜினை அரித்து இடம் தேடுவது கடைசி வழி.

இந்த அமைப்பில் இருக்கும்போது நீங்கள் கையால் போட்ட பேஜ் பிரேக்கை எக்செல் மதிக்காது. குறிப்பிட்ட இடத்தில் பக்கம் உடைய வேண்டும் என்றால் சதவீதத்தை நீங்களே எண்ணாகக் கொடுங்கள்.

திரையில் தொகை நன்றாகத் தெரிந்து, பேப்பரில் மட்டும் வேலி போல #### என்று வந்தால் அந்தப் பத்தியைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். பிரிண்டருக்குப் போகும்போது எழுத்தின் அகலம் துளி மாறும். தொகைப் பத்திகளை எப்போதும் ஒரு இலக்கம் தாராளமாக வையுங்கள்.

7. தலைப்பு வரிசையும் பக்க எண்ணும்

இரண்டாம் பக்கத்தில் எது அளவு, எது விலை என்று தெரியாமல் முழிக்காதிருக்க பேஜ் லேஅவுட், பிரிண்ட் டைட்டில்ஸ் போய் ரோஸ் டு ரிப்பீட் அட் டாப் என்ற இடத்தில் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் பி அழுத்தி, அந்தப் பக்கத்தின் கீழே இருக்கும் பேஜ் செட்டப் வழியாகப் போனால் இந்தக் கட்டம் மங்கலாக இருக்கும், எழுத விடாது. பேஜ் லேஅவுட் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஷீட்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அப்படித்தான்.

ஃபுட்டரில் மொத்தப் பக்கத்தோடு சேர்த்து பக்க எண் போடுங்கள், நடுவில் ஒரு தாள் விழுந்தால் உடனே தெரியும். தேதியை மட்டும் ஃபுட்டருக்கான தேதிப் பொத்தானால் போடாதீர்கள், பிரிண்ட் எடுக்கும் நாளுக்கெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் 31 இருப்பு என்று கொடுக்கும் தாளில் ஏப்ரல் தேதி வந்து நிற்கும். கையால் அடித்துவிடுங்கள். ஹெடரில் மூன்று நான்கு வரி எழுதினால் அது கணக்கின் மேலேயே ஏறும். மேல் மார்ஜினை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

8. லெட்டர் பேடில் எடுப்பதானால்

லெட்டர் பேடின் தலைப்பு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் மார்ஜினை 5 என்று வைத்தால் இரண்டாம் மூன்றாம் தாளிலும் அதே இடம் வீணாகும். முதல் பக்கத்துக்கு மட்டும் தனி மார்ஜின் வைக்க எக்செலில் வழியில்லை. முதல் பக்கத்துக்கு வேறு என்று ஒரு டிக் இருக்கிறதே என்பீர்கள், அது ஹெடர் ஃபுட்டருக்கு மட்டும்தான்.

மார்ஜினை 2 ஆகவே விட்டுவிட்டு, கணக்கின் மேலே ஒரு வெற்று வரிசை சேர்த்து அதன் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 28.35 புள்ளி. மீதி 3 சென்டிமீட்டருக்கு 85. ஸ்கேல் 80 சதவீதம் என்றால் அந்த வரிசையும் சுருங்கும், அதனால் 85ஐ 0.8ஆல் வகுத்து 106 கொடுங்கள். பிரிண்ட் ஏரியாவுக்குள் அந்த வரிசையும் இருக்க வேண்டும். லெட்டர் பேடு விலை அதிகம், முதல் சோதனையை வெள்ளைத் தாளில் எடுத்து, லெட்டர் பேடின் மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

9. கால்க், கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஃபார்மேட், பேஜ் ஸ்டைல், பேஜ். பேப்பர், மார்ஜின் எல்லாம் ஒரே இடத்தில். பக்கத்துக்குப் பக்கம் மார்ஜின் மாறும் மிரர்ட் வசதி இங்கே உண்டு, இரண்டு பக்கப் பிரிண்டுக்கு எக்செலைவிட இது மேல். கேட்காமலேயே ஷீட்டின் பெயரைத் தலையில் அச்சிடும், வேண்டாமென்றால் ஹெடரை அணைத்துவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ஃபைல், பிரிண்ட் கொடுத்தால் வலப்பக்கம் எல்லாம் வரும். பேப்பர் சைஸ் ஏ4, ஸ்கேலில் ஃபிட் டு விட்த், மார்ஜின்ஸில் கஸ்டம் நம்பர்ஸ். தலைப்பு ஒவ்வொரு பக்கமும் வர முதலில் வியூ, ஃப்ரீஸ் கொடுத்து அந்த வரிசையை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். போனில் மல்லுக்கட்டாதீர்கள், கம்ப்யூட்டரில் திறங்கள்.

10. ஜெராக்ஸ் கடைக்கு எக்செல் ஃபைலை எடுத்துப் போகாதீர்கள்

மேலே சொன்ன அத்தனையும் உங்கள் கம்ப்யூட்டரின் பிரிண்டரையும் எழுத்துருவையும் நம்பி நிற்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பத்தி நகரும், பக்கம் கூடும். லதா என்ற தமிழ் எழுத்துரு விண்டோஸ் 10இல் தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். கடையில் அது இல்லையென்றால் வேறு எழுத்துருவில் அகலம் மாறி விழும். எப்போதும் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள்: ஃபைல், சேவ் ஆஸ், வகையில் பிடிஎஃப்.

கடைக்காரரிடம் ஆக்சுவல் சைஸில் போடச் சொல்லுங்கள். பிடிஎஃப் பிரிண்ட் பக்கத்தில் ஃபிட் என்று இருந்தால் நீங்கள் 2.5 என்று வைத்த மார்ஜின் வேறு எண்ணாகிவிடும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் எடுக்கச் சொல்லி, இடது ஓரத்தை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

செலவு பக்கக் கணக்குதான். எங்கள் பக்கம் ஜெராக்ஸைவிடக் கம்ப்யூட்டர் பிரிண்ட்டுக்கு ஒரு பக்கத்துக்குக் கூடுதலாக வாங்குகிறார்கள். பதினான்கு பக்கம், மூன்று செட் என்றால் ஒரு செட் பிரிண்ட், இரண்டு செட் ஜெராக்ஸ் என்று எடுப்பது லாபம். ஓரம் 1 சென்டிமீட்டர் விட்டிருப்பதால் அதில் எதுவும் வெட்டுப்படாது. பள்ளி, கல்லூரி விடும் நேரத்தில் கடைகளில் நிற்க இடமிருக்காது, பொறுமையாக அளந்து பார்க்க விடமாட்டார்கள். முன்பகலில் போங்கள். வங்கியில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் வெப் திறந்து அனுப்பியிருந்தால், கிளம்பும் முன் போனிலேயே லிங்க்ட் டிவைசஸ் போய் அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றுங்கள். இறக்கிய ஃபைலை டவுன்லோட்ஸிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். அதில் இருப்பது உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் பாக்கியும், சில சமயம் ஆதார் எண்ணும்.

11. அடுத்த மாதத்துக்கு

புது ஷீட்டில் கட்டங்களை மட்டும் காப்பி பேஸ்ட் செய்தால் மார்ஜின், பிரிண்ட் டைட்டில் எதுவும் கூட வராது. ஷீட்டின் பெயரில் ரைட் கிளிக், மூவ் ஆர் காப்பி, கிரியேட் எ காப்பி டிக். எல்லாம் அப்படியே வரும், எண்களை மட்டும் மாற்றினால் போதும். ஏற்கெனவே இருக்கும் பன்னிரண்டு மாத ஷீட்டுக்கும் ஒரே மார்ஜின் வேண்டுமானால் ரைட் கிளிக், செலக்ட் ஆல் ஷீட்ஸ் கொடுத்துவிட்டு பேஜ் செட்டப்பை மாற்றுங்கள். முடித்த கையோடு அன்குரூப் ஷீட்ஸ் கொடுக்க மறக்காதீர்கள். அது விடுபட்டால், ஏப்ரலில் நீங்கள் திருத்தும் ஒரு தொகை பன்னிரண்டு மாதத்திலும் அதே கட்டத்தில் போய் எழுதிக்கொள்ளும்.